வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும் பனி

துருவம், ஓசோன் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அன்டார்க்டிகா ஓசோன் ஓட்டைக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்ல வருவது அது இல்லை. அது தலைக்கு மேலே 15, 20 கிலோமீட்டர் உயரத்து விவகாரம், நான் சொல்வது, வெயில் பட்டதும் துருவப் பனி தரையோரத்தில், நாம் மூச்சிழுக்கிற காற்றில் செய்கிற ரசாயன வேலை.

கனடாவின் வடகோடியில் அலர்ட் என்று ஓர் இடம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு, மார்ச் வாக்கில்தான் வெயில் திரும்பும். 1980களில் அங்கே காற்றை அளந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: குளிர்காலம் முழுக்க நூறு கோடிக்கு 30, 40 பங்கு என்று இருந்த ஓசோன், வெயில் வந்த பிறகு சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. யார் தின்றது? குளோரினின் உறவுக்காரத் தனிமமான புரோமின் என்று 1988-ல் லியோனார்ட் பாரி என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதினார்கள்.

அந்த புரோமின் கடல் உப்பிலிருந்து வருகிறது. கடல் உறையும்போது உப்பு மேலே ஒதுங்கும், காற்று அதை அள்ளிப் பனிமேல் தூவும். உப்பில் இருக்கும் வரை புரோமைடு (உப்பில் கட்டுண்டு கிடக்கும் புரோமின்) சாது. கொஞ்சம் அமிலமும் (குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வந்து தேங்குகிற தொழிற்சாலைப் புகை அதற்கு உதவுகிறது) வெயிலும் சேர்ந்தால்தான் வம்பு. காற்றிலிருந்து ஒரு புரோமின் அணு ஹைப்போபுரோமஸ் அமிலமாகப் பனியில் இறங்கி, அங்கிருந்து இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு ஜோடியாக வெளியே வரும், வெயில் அந்த ஜோடியைப் பிரிக்கும், இரண்டும் ஆளுக்கொரு ஓசோனைக் கவ்வும், அப்புறம் திரும்பப் பனிக்கு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி... இதற்கு 'புரோமின் வெடிப்பு' என்றே பெயர். சத்தம் மட்டும் இல்லை!

ஓசோனோடு போனால் பரவாயில்லை. 1995-ல் அதே அலர்ட்டில் பார்த்தபோது, ஓசோன் விழுகிற நாட்களில் காற்றில் இருந்த பாதரச ஆவியும் கூடவே காணாமல் போனது. சாதாரணமாகப் பல மாதம் காற்றில் திரிகிற சரக்கு அது, புரோமின் தொட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பனியில் படிந்துவிடுகிறது. அதில் நிறையப் பங்கை வெயிலே மறுபடி ஆவியாக்கிக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம்தான் கவலை, பனி உருகும்போது அது தண்ணீரோடு போய் மீனுக்கும் சீலுக்கும் சேரலாம்.

தென்துருவத்தில் கதை தலைகீழ். கடல் வெகுதூரம், உப்பு குறைவு, ஆனால் பனியில் நைட்ரேட் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) இருக்கிறது. கோடையில் இருபத்துநாலு மணி நேர வெயிலின் புற ஊதாக் கதிர் அதை உடைக்க, நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலே கிளம்பி, தரையோர ஓசோன் அங்கே கூடுகிறது. இதில் மாட்டிக்கொண்டவர்கள் பனிக்கட்டித் தூண்களைத் தோண்டியெடுத்துப் பழைய காற்றின் வரலாறு படிக்கிறவர்கள். பனி கொஞ்சமாகவே விழுகிற, அன்டார்க்டிகாவின் உட்பகுதியில் உள்ள டோம் சி மாதிரி இடங்களில், விழுந்த நைட்ரேட்டில் பெரும்பங்கு புதைவதற்கு முன்பே இப்படிக் கிளம்பிப் போயிருக்கும். அடியில் கிடைக்கிற நைட்ரேட் அளவை அன்றைய காற்றில் இருந்த அளவு என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.