லினக்ஸ்சிஎன்சியில் லேட்டன்சி எகிறியபோது காரணத்தைத் தேடிப் பிடித்த கதை

வெட்டும் இயந்திரங்களைக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கும் லினக்ஸ் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியை ஓட்டுகிற பலரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ரியல்டைம் வேலையில் (குறித்த நேரத்தில் தவறாமல் நடக்க வேண்டிய வேலை) எதிர்பாராத தாமதம், லேட்டன்சி டெஸ்ட் (அந்தத் தாமதத்தை அளக்கும் சோதனை) ஓட்டிச் சரிசெய்துவிட்டுத் தொடரவும் என்று ஒரு பெட்டி வரும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: மென்பொருளைத் திறந்து மூடுவதற்குள் அந்தச் செய்தி ஒரே தடவைதான் வரும், அதற்குப் பிறகு அதே தாமதம் நூறு முறை நடந்தாலும் வாய் திறக்காது. அதனால் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். என்னால் அப்படி விட முடியவில்லை. எச்சரிக்கை வரும் நாட்களில் எல்லாம் மரப்பலகையைக் குடையும் என் ரவுட்டர் இயந்திரத்தின் எக்ஸ் அச்சு வேகமாக ஓடும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் வெட்டிய பள்ளத்தின் சுவரில் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு சின்னப் படி இருக்கும்.

பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் போர்ட்) வழியாக, ஒரு பல்ஸுக்கு ஒரு ஸ்டெப் நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டினால் ஒவ்வொரு பல்ஸையும் கம்ப்யூட்டரே உண்டாக்க வேண்டும். அதைச் செய்யும் பேஸ் திரெட் என்ற மென்பொருள் சுழற்சி என் அமைப்பில் 25 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை ஓடியது. 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூ, சுற்றுக்கு 2000 ஸ்டெப் என்றால் மில்லிமீட்டருக்கு 400 ஸ்டெப். நிமிடத்துக்கு 3 மீட்டர் போக வினாடிக்கு 20,000 பல்ஸ் வேண்டும், அதாவது 50 மைக்ரோவினாடிக்கு ஒன்று. அந்த ஓட்டத்துக்கு நடுவே 200 மைக்ரோவினாடி எதுவுமே வராமல் போய், திடீரென்று பழைய வேகத்திலேயே பல்ஸ் வந்தால் மோட்டார் பிடி நழுவிவிடும். நகர்ந்த தூரத்தைத் திருப்பிச் சொல்லும் என்கோடர் இல்லாத ஸ்டெப்பரில் இது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது, திரையில் எண்கள் எல்லாம் கச்சிதமாகவே இருக்கும்.

சரி, அளந்து பார்க்கலாம் என்று லேட்டன்சி டெஸ்டைத் திறந்தேன். சும்மா திறந்து வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் நல்ல எண்ணைத்தான் காட்டும், அதை நம்பக் கூடாது. சுழலும் பற்சக்கரங்களை வரைந்துகொண்டே இருக்கும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் ஜன்னல்கள் சில, கூடவே ஒரு பெரிய ஃபைல் காப்பி, பிரவுசரில் வீடியோ, நடுவில் யூஎஸ்பி பென்டிரைவைச் செருகி எடுப்பது, இப்படி எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்படிக் கம்ப்யூட்டரே பல்ஸ் உண்டாக்கும் முறைக்கு 20 மைக்ரோவினாடிக்குள் இருந்தால் நல்லது, 100ஐத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு ஆகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எனக்கு முதலில் 14ல் நின்றிருந்த அதிகபட்சம், கொஞ்ச நேரம் கழித்து ஒரே தாவலில் 240க்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பாராமீட்டர்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பத்தை ஒரே வரியில் சேர்த்து பூட் செய்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் அந்த 240 எப்படி வருகிறது என்று பார்க்க எந்தத் தாமதம் எத்தனை முறை வந்தது என்று வரைந்து காட்டும் லேட்டன்சி ஹிஸ்டோகிராமை ஓட்டினேன். லேட்டன்சி டெஸ்ட் முக்கியமாகத் தருவது அதிகபட்ச எண்ணைத்தான், ஹிஸ்டோகிராமில்தான் விஷயமே இருக்கிறது. நடுவில் ஒரு நல்ல ஒல்லியான கூம்பு, அதிலிருந்து வெகு தூரத்தில் தன்னந்தனியாகச் சில கோடுகள். லோடுதான் (கூடவே ஓடும் மற்ற வேலைகள்) காரணம் என்றால் கூம்பே அகலமாகியிருக்க வேண்டும். இங்கே கூம்பு அசையவில்லை, எப்போதாவது வேறு ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. லோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அந்தக் கோடுகள் வந்தன, அதுவும் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். இவ்வளவு ஒழுங்காக வருவது தற்செயலாக இருக்க முடியாது.

என் சந்தேகம் எஸ்எம்ஐ மேல் போனது. சிஸ்டம் மேனேஜ்மெண்ட் இன்டரப்ட் என்பது மதர்போர்டின் ஃபர்ம்வேர் (அதிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தன் சொந்த வேலைக்காக சிபியூவை எடுத்துக்கொள்வது. வெப்பநிலை பார்ப்பது, பழைய வகை கீபோர்டு போல யூஎஸ்பி கீபோர்டைக் காட்டுவது மாதிரியான வேலைகள். அந்த நேரத்தில் கர்னலுக்கே தான் நிறுத்தப்பட்டது தெரியாது, ரியல்டைம் கர்னலாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கோரைத் தனியாக ஒதுக்குகிற ஐசோல்சிபியூஸ் என்ற கர்னல் பாராமீட்டரும் இதற்கு உதவாது, ஏனென்றால் எஸ்எம்ஐ வந்தால் எல்லாக் கோர்களும் சேர்ந்துதான் நிற்கும்.

நிரூபிப்பது சுலபம். ஆர்டி-டெஸ்ட்ஸ் பேக்கேஜில் வரும் ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட், இன்டரப்ட்டுகளை (சிபியூவின் வேலையில் குறுக்கிடும் அழைப்புகளை) அணைத்துவிட்டு சிபியூவின் கடிகாரத்தை இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்கும். நடுவில் இடைவெளி விழுந்தால் அது லினக்ஸால் வந்தது இல்லை என்று அர்த்தம். இன்டெல் சிபியூ என்றால் சிபியூவின் நிலையைக் காட்டும் டர்போஸ்டாட்டில் எஸ்எம்ஐ எண்ணிக்கைக்கென்றே ஒரு நெடுவரிசை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். டர்போஸ்டாட்டில் எண் ஒன்று ஏறும்போதெல்லாம் மற்றதில் 200க்கு மேல் ஒரு வரி விழுந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தது, இன்னும் எதுவும் சரியாகவில்லை என்றாலும்.

அப்புறம் பயாஸுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சோதனை. யூஎஸ்பி லெகசி சப்போர்ட்டை அணைத்ததில் கீபோர்டைச் செருகும்போது வந்த தாவல் போனது, நிமிடக் கணக்குத் தாவல் அப்படியே இருந்தது. ஆன்போர்டு ஆடியோவால் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஃபேன் கட்டுப்பாட்டை ஆட்டோவிலிருந்து முழு வேகத்துக்கு மாற்றியதும் எஸ்எம்ஐ எண் ஏறுவது நின்றுபோனது. கம்ப்யூட்டர் கொஞ்சம் இரைகிறது, ஸ்பிண்டில் சத்தத்துக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. எஸ்எம்ஐயை மொத்தமாகவே வலுக்கட்டாயமாக அணைக்கும் வழிகளும் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை. சில போர்டுகளில் சிபியூ சூடேறாமல் காப்பதே அந்த வழியாகத்தான் நடக்கிறது.

இதற்குப் பிறகுதான் கூம்பை ஒல்லியாக்கும் வேலைக்கு வந்தேன், இதில் பெரிய மர்மம் இல்லை. சிபியூ ஆழ்ந்து தூங்கி எழுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் சி-ஸ்டேட்டை (அந்தத் தூக்கத்தின் ஆழம்) 1ல் நிறுத்தினேன், சிபியூ வேகத்தை ஏற்றி இறக்கும் ஸ்பீடுஸ்டெப்பையும் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கையும் பயாஸிலேயே அணைத்தேன், இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பகிர்ந்துவிடும் ஐஆர்க்யூபேலன்ஸை நீக்கிவிட்டு நான்கு கோரில் கடைசி இரண்டை ரியல்டைம் வேலைக்கு ஒதுக்கினேன். சிபியூவைத் தூங்கவே விடாத ஐடில் போல் பாராமீட்டரும் போட்டுப் பார்த்தேன், ஒரு மைக்ரோவினாடிகூடத் தேறவில்லை, சூடுதான் ஏறியது, எடுத்துவிட்டேன். முடிவில் ஒரு முழு இரவு லோடில் ஓடவிட்டு அதிகபட்சம் 22.

ஆனால் 22 மைக்ரோவினாடி ஆட்டத்தை வைத்துக்கொண்டு 25ல் பேஸ் திரெட் ஓட்ட மனம் வரவில்லை. ஒரு பல்ஸுக்கு இரண்டு சுழற்சி வேண்டும் என்பதால், 30க்கு ஏற்றினால் உச்ச வேகம் நிமிடத்துக்கு இரண்டரை மீட்டராகக் குறைகிறது (ஒரே சுழற்சியில் பல்ஸை முடிக்கும் ரீசெட் வித்தை என் மோட்டார் டிரைவருக்கு ஒத்துவரவில்லை). அதனால் மேசா நிறுவனத்தின் 7ஐ76இ என்ற கட்டுப்பாட்டு கார்டுக்கு மாறினேன். அதில் பல்ஸ் உண்டாக்குவது எஃப்பிஜிஏ என்ற தனிச் சிப், கம்ப்யூட்டர் 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஈதர்நெட் வழியாகப் பேசினால் போதும். இனி லேட்டன்சி கவலையே இல்லை என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை. 100 மைக்ரோவினாடி தாமதம் இப்போது ஒரு பொருட்டில்லை, ஆனால் பாக்கெட் போய்த் திரும்பி வர வேண்டுமே. பதில் நேரத்துக்குள் வராவிட்டால் ரீட் முடியவில்லை என்று பிழை வரும், தொடர்ந்து வராமல் போனால் கார்டின் வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு அவுட்புட்டுகளை அணைத்துவிடும், மெஷின் நடு வெட்டில் நின்றுவிடும்.

எனக்கு அந்தப் பிழை நாளுக்கு ஓரிரு முறை வந்தது. ரியல்டைம் முன்னுரிமையில், அதாவது சிஹெச்ஆர்டி என்ற கட்டளை வழியாக, கார்டுக்கு மில்லிவினாடிக்கு ஒரு பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பாக்கெட்) அனுப்பிப் பார்த்ததில் சராசரி அருமை, அதிகபட்சம் மட்டும் ஒரு மில்லிவினாடியைத் தாண்டியது. நெட்வொர்க் கார்டுகள் சிபியூவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே இன்டரப்ட்டாகத் தரும், சர்வருக்கு அது நல்லது, நமக்கு விஷம். நெட்வொர்க் கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூலில் ஆர்எக்ஸ்-யூசெக்ஸை (அப்படிச் சேர்த்துவைக்கும் நேரம்) 0 ஆக்கி, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் இஇஇயையும் அணைத்தேன். ஆன்போர்டு சிப் அதற்கெல்லாம் மசியவில்லை, அந்த அமைப்பையே ஏற்க மறுத்தது. தனியாக ஒரு பிசிஐஇ நெட்வொர்க் கார்டு போட்டு, அதன் இன்டரப்ட்டையும் ஒதுக்கிவைத்த கோருக்கே திருப்பிவிட்டபின் பிங்கின் அதிகபட்சம் 0.2 மில்லிவினாடிக்குக் கீழே வந்தது.

ஈத்டூலில் செய்த மாற்றம் ரீபூட்டில் காணாமல் போய்விடும், அதை நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். லினக்ஸை ரியல்டைம் ஆக்கும் பிரியெம்ப்ட்-ஆர்டி 2024ல், 6.12 கர்னலில், முதன்மை லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டதால் புதுக் கர்னல் போடும் ஆசை அடிக்கடி வருகிறது. போட்டால் ஹிஸ்டோகிராம், டர்போஸ்டாட், பிங் மூன்றையும் மறுபடி ஓர் இரவு முழுக்க லோடில் ஓடவிட்டு, பழைய எண்களோடு ஒத்துப்போன பிறகுதான் மெஷினில் மரத்தை வைக்கிறேன்.