நியூட்ரானின் நிறை: ஒரு வகுத்தல் கணக்கு

மீட்சி மோதலின் (இயக்க ஆற்றல் இழப்பில்லாத மோதலின்) உந்தச் சமன்பாட்டையும் ஆற்றல் சமன்பாட்டையும் கரும்பலகையில் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் காட்டும் ஒவ்வொரு முறையும், 1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானின் நிறையைக் காணப் போட்ட கணக்கு என் நினைவுக்கு வருகிறது.

ஆல்ஃபா துகள்கள் தாக்கிய பெரிலியத்திலிருந்து மின்னூட்டமற்ற ஒரு கதிர் வெளிவருவதும், அது பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தெறிக்க வைப்பதும் அப்போது தெரிந்திருந்தன. பாரிசில் ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும் அதைக் காமா கதிர் என்றே கருதினர். சாட்விக்குக்கு அது ஒப்பவில்லை. காற்றில் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும் அந்தப் புரோட்டானை ஒரு ஃபோட்டான், அதாவது காமா கதிரின் ஓர் ஆற்றல் துணுக்கு, உந்தித் தள்ள ஏறத்தாழ 52 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை; ஆனால் அதே ஃபோட்டான் நைட்ரஜன் அணுவுக்கு 0.4 மில்லியனுக்கு மேல் தர இயலாது, அளவீடோ 1.2 மில்லியனைக் காட்டியது.

எனவே நிறையுள்ள ஒரு துகள், அதாவது நியூட்ரான், ஓய்விலிருக்கும் அணுக்கருவை நேருக்கு நேர் மோதுவதாக அவர் எடுத்துக்கொண்டார். துகள் இழக்கும் உந்தமும் ஆற்றலும் அப்படியே அணுக்கருவைச் சேர்கின்றன. ஆற்றல் சமன்பாட்டை உந்தச் சமன்பாட்டால் வகுத்தால் இருபடிகள் மறைந்து, துகளின் முன்வேகமும் பின்வேகமும் கூடியதே அணுக்கருவின் வேகம் என்ற எளிய உறவு மிஞ்சுகிறது. இதை மீண்டும் உந்தச் சமன்பாட்டில் இட்டால், அணுக்கருவின் வேகம் துகளின் நிறையைப் போல் இருமடங்கை இரு நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, துகளின் முன்வேகத்தால் பெருக்கியதற்குச் சமம். உரசிச் செல்லும் மோதல்களில் வேகம் இதைவிடக் குறையும் என்பதால், அளந்தவற்றில் பெரும வேகத்தை மட்டுமே இங்கே பயன்படுத்தலாம். மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் இது.

துகளின் நிறை, வேகம் இரண்டுமே தெரியாத நிலையில் ஓர் இலக்கு போதாது. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டானுக்குக் கிடைத்த பெரும வேகம் நொடிக்கு 3.3 கோடி மீட்டர். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த நார்மன் ஃபெதரின் முகில் அறை (மின்னூட்டத் துகள்களின் தடங்களைக் காட்டும் கருவி) அளவீடுகளிலிருந்து நைட்ரஜனுக்குக் கிடைத்தது 47 இலட்சம் மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அறியாத வேகம் அடிபட்டுப்போகிறது. புரோட்டானின் நிறையை 1 என்றும் நைட்ரஜனின் நிறையை 14 என்றும் கொண்டால், துகளின் நிறையுடன் 14-ஐக் கூட்டி, அதே நிறையுடன் 1-ஐக் கூட்டியதால் வகுத்தால் ஏறத்தாழ 7 வர வேண்டும். அப்படியானால் நிறையைப் போல் ஆறு மடங்கு 7-க்குச் சமம், நிறை 1.17 அளவில் அமைகிறது. சாட்விக் வெளியிட்ட மதிப்பு 1.15. வேக அளவீடுகளில் 10 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்பதால், அந்தத் துகளின் நிறை புரோட்டானின் நிறைக்கு மிக அருகில் உள்ளது என்ற அளவோடு அவர் தம் முடிவை நிறுத்திக்கொண்டார்.