தென்காசிச் சுற்று: மேல்காற்றோடு ஒரு 50 கிலோமீட்டர்

சாரல் பருவத்தில் தென்காசிப் பக்கம் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் மேப்பைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறந்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து இந்தப் பக்கம் வந்து விழும். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் வரைக்கும் காற்றாலைகளாக நிற்பதற்குக் காரணம் அதுதான். ஏற்றம் பெரிதாக இல்லாத பாதை இது, தென்காசியிலிருந்து கிளம்பித் திரும்ப சுமார் 50 கிலோமீட்டர். எளிதா கஷ்டமா என்பதை அன்றைக்கு அடிக்கிற காற்றுதான் முடிவு பண்ணும்.

அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, விடிகிற நேரத்தில் மேற்கே பார்த்துக் கிளம்புங்கள் என்று. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கால் புதிதாக இருக்கும்போதே இலஞ்சி, குற்றாலம், வல்லம், பிரானூர், செங்கோட்டை என்று எதிர்காற்றுப் பகுதியை முடித்துவிட்டால், அப்புறம் பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுந்தரபாண்டியபுரம் என்று பெரும்பாலும் காற்று பக்கவாட்டிலோ முதுகிலோ இருக்கும். தலைகீழாகச் சுற்றுகிறவர்கள் களைத்துப் போன நேரத்தில் செங்கோட்டையை நோக்கி மிதிக்க வேண்டியிருக்கும், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

குற்றாலம் வரை வழி பழகியதுதான், ஐந்தாறு கிலோமீட்டர், இலஞ்சிப் பக்கத்து வயல்களைத் தாண்டினால் மலை முன்னால் வந்து நின்றுவிடும். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். அருவிக்கு வருகிற வேன்களும் கார்களும் சாலையை அடைத்துக்கொள்ளும், ஓரத்தில் ஈரம், எண்ணெய்த் தலையோடு ஈரத்துணியோடு குறுக்கே நடக்கிறவர்கள் வேறு. வார நாளில் காலை ஆறு மணிக்கு அதே சாலை அருமையாக இருக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகள் அப்போது திறந்திருக்காது, சுடச்சுட டீ கிடைக்கும், அது போதும்.

பிரானூரிலிருந்து செங்கோட்டை வரை கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற லாரிகள் ஓயாது, இந்தச் சுற்றில் எனக்குப் பிடிக்காத பகுதி இது ஒன்றுதான். பின்விளக்கை எரியவிட்டு, வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கமாக அமைதியாகக் கடந்துவிடுங்கள். பிரானூரை இன்றைக்கும் ஜனங்கள் பார்டர் என்றுதான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, எல்லை போய் இத்தனை வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் இந்தப் பெயரில்தான் ஊர் ஊராகப் பிரபலம். காலையில் அதை நினைக்காதீர்கள், குளித்துவிட்டு மதியத்துக்கு வாருங்கள்.

செங்கோட்டையில் வடக்கே பண்பொழி சாலையில் திரும்பியதும் லாரிச் சத்தம் சட்டென்று விட்டுப் போகும். இங்கிருந்து அச்சன்புதூர் வரைக்கும் உள்ள பகுதிக்காகவே நான் இந்தச் சுற்றைப் போடுவேன். இடப்பக்கம் முழுக்க மலை, மேகம் இறங்கி இடுப்பு வரை மூடியிருக்கும், சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, அது முடிந்தால் நெல், அது முடிந்தால் குளம். மேக்கரையில் அடவிநயினார் அணையிலிருந்து வருகிற அனுமன் நதித் தண்ணீர் இந்தப் பக்கத்தைப் பச்சையாகவே வைத்திருக்கிறது. காலில் தெம்பு இருந்தால் பண்பொழி திருமலைக் கோயிலுக்கு ஏறலாம், படிகளும் உண்டு, மேலே வரைக்கும் தார்ச்சாலையும் உண்டு. ஆனால் அந்தச் சாலை செங்குத்து, பின்னால் 32 அல்லது 34 பல் கியர் இல்லாதவர்கள் சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுவது நல்லது. இறங்கும்போது சாரல் இருந்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும், அதை மறக்க வேண்டாம்.

ஆய்க்குடி தாண்டியதும் நிலம் மாறிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் சட்டை நனைந்தது, இங்கே மண் காய்ந்து சிவந்து கிடக்கும். சாரல் மலையடிவாரத்தோடு தீர்ந்துபோகிறது, காற்று மட்டும் வந்து சேர்கிறது. முதுகில் அந்தக் காற்று இருக்கிறபோது பெரிய கியரில் போட்டு 30, 32 வேகத்தில் கிழக்கே போவது இருக்கிறதே, அதற்காகத்தான் காலையில் அவ்வளவு மிதித்தது.

ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ போனால் சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றிச் சூரியகாந்தி பூத்திருக்கும். முற்றிய சூரியகாந்திப் பூ சூரியனோடு திரும்பாது, கிழக்கைப் பார்த்தே நின்றுவிடும். அதனால் நாம் கிழக்கே போகும்போது தெரிவதெல்லாம் பூவின் முதுகுதான், ஊரைத் தாண்டித் தென்காசியை நோக்கி மேற்கே திரும்பினால்தான் வயல் முழுக்க நம்மைப் பார்க்கும், பின்னால் நீலமாக மலை. படம் எடுக்க வருகிறவர்கள் செடிகளுக்குள் நடந்து மிதித்துப் போடுகிறார்கள். அது ஒருவருடைய பிழைப்பு, தயவுசெய்து வரப்பிலேயே நில்லுங்கள். சில தோட்டங்களில் உள்ளே போகப் பணம் கேட்பார்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இங்கிருந்து வீடு வரை கடைசி எட்டொன்பது கிலோமீட்டர் மறுபடி எதிர்காற்று. இதற்குக் கொஞ்சம் பலத்தை மிச்சம் வைக்க வேண்டும், சாம்பவர் வடகரையிலேயே ஒரு இளநீரும் இரண்டு வாழைப்பழமும் உள்ளே தள்ளிவிடுங்கள். குனிந்து, சின்ன கியரில், அவசரப்படாமல். இரண்டு மூன்று பேர் இருந்தால் வரிசையாக ஒட்டிப் போய் முன்னால் இருப்பவரை மாற்றி மாற்றி விடலாம்.

காற்றை இவ்வளவு சொன்ன பிறகு தென்காசிக் கோயில் வாசலைச் சொல்லாமல் விட முடியாது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில், ஒன்பது நிலைக் கோபுரம் கிழக்கே பார்த்தது. வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து தள்ளும், கொஞ்சம் உள்ளே போனால் பின்னாலிருந்து தள்ளும் என்பார்கள் ஊர்க்காரர்கள், நின்று பார்த்தால் தெரியும்.

டயர் அகலம் 28 அல்லது 32 மில்லிமீட்டர் போதும், மட்கார்டு கட்டாயம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. சைக்கிளைப் பார்சலில் போடுவதாக இருந்தால் ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள், அதே வண்டியில் ஏற்றுகிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.