ஜிம்மா, மொட்டைமாடியா?

மே 4, 2025, ஞாயிறு, தருமபுரி

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் எனக்கு 6.1 என்று வந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பார்கள். மாத்திரை இப்போது வேண்டாம், ஆனால் நடந்தால் மட்டும் போதாது, எடையும் தூக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் துணையோடு பெருமளவில் எடுத்துக்கொள்பவை தசைகள்தாம் என்பதால், தசை குறையக் குறைய அந்தச் சர்க்கரை போய்ச் சேரும் இடமும் சுருங்குகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அதனுடன் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இதை எங்கே செய்வது என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் விவாதம்.

மே 6, செவ்வாய்

அலுவலகம் முடிந்ததும் ஜிம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். மாதத்துக்கு 1,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் குறையுமாம். பெண்களுக்கென்று தனி நேரம் காலை 10 முதல் 12 வரை. வேலைக்குப் போகும் பெண் யாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டாள் என்பதை நேரம் குறித்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. காலை 5.30 மணிக்குப் பொது நேரத்தில் வரலாம், சில பெண்கள் வருகிறார்கள் என்றார் பயிற்சியாளர். அந்த நேரத்தில் மாவட்ட விளையாட்டு அரங்கில் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாக நடப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆகையால் விடியற்காலையில் வெளியே போவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மே 11, ஞாயிறு

இந்த வாரம் மொட்டைமாடியில் செய்து பார்த்தேன். இந்த வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் தளத்தில் கால் வைக்க முடியாது என்பதைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை. தரையில் தண்டால் எடுக்க வரவில்லை; கைப்பிடிச் சுவரில் கையூன்றிச் சாய்ந்து எடுத்தால் வருகிறது, பழகப் பழக ஊன்றும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். பஸ்கிக்கு உடல் எடையே போதுமானதாக இருக்கிறது. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் முன்பிருந்த வரையறை 2020இல் நீக்கப்பட்டுவிட்டதால், குக்கர் விசில் வருவதற்குள் செய்யும் பஸ்கியும் கணக்கில் சேரும். ஜிம்மால் தர முடியாத வசதி இது.

மே 20, செவ்வாய்

வீட்டுப் பயிற்சியின் குறை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகிறது. தள்ளுவதற்குத் தரையும் சுவரும் இருக்கின்றன. இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. முதுகுத் தசைகள் வேலை செய்ய வேண்டுமானால் எதையாவது நம்மை நோக்கி இழுக்க வேண்டும், அல்லது எதையாவது பற்றிக்கொண்டு நம்மையே மேலே தூக்க வேண்டும். எங்கள் மாடியில் துணிக்கொடியைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, குனிந்து இடுப்புவரை இழுத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அரை லிட்டர் அரை லிட்டராக எடையைக் கூட்ட முடிகிறது. என் ஐயம் கைகளைப் பற்றியதல்ல, கால்களைப் பற்றியது. தசை ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதே சுமை அதை மேலும் வளர்க்காது, படிப்படியாக ஏற்ற வேண்டும். தொடையும் இடுப்பும் உடலிலேயே பெரிய தசைகள் என்பதால் அவற்றுக்கு உடல் எடை விரைவில் போதாமல் போகும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றிப் பஸ்கி எடுக்கலாம் என்று கணவர் யோசனை சொன்னார். அதைத் தடுமாறாமல் இறக்கி வைப்பது எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஜிம்மில் இரும்புச் சட்டத்தில் தாங்கு கம்பி இருக்கிறது, பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆளும் இருக்கிறார். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறவள் எலும்பையும் நினைக்க வேண்டும். அந்தக் காலத்தில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும், சுமை தாங்கும் பயிற்சி அதை ஓரளவு தடுக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

ஆண்டுக் கட்டணம் வேண்டாம், மாதக் கட்டணமே கட்டுகிறேன் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன். செவ்வாயும் சனியும் காலை 5.30 மணிக்கு ஜிம்: கால், முதுகு இரண்டுக்கும் அங்கேதான். ஒரே தசைக்கு நடுவில் இரண்டு நாளாவது ஓய்வு கிடைக்கிறது. மற்ற நாட்களில் நடையும் தண்டாலும் வீட்டிலேயே. டிரெட்மில்லுக்காக அங்கே போக வேண்டிய தேவை எனக்கு இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் கால் மணி நேரம் நடப்பது சர்க்கரைக்கு நல்லது, அதற்குக் கட்டணமும் கிடையாது.

68 வயதாகும் அத்தைக்கு ஜிம் ஒத்துவராது. "நீ பண்றத நானும் பண்றேம்மா, கீழ மட்டும் உக்கார சொல்லாத" என்கிறார். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதும் நாளையிலிருந்து அவருக்கு. நாற்காலி நழுவாமல் இருக்க அதைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும்.