உனக்கும் கேட்கிறதா?

எனக்கு முதன்முறையாக மனநோய் வந்தபோது வயது 24. சென்னையில் இரவுப்பணி பார்த்துக்கொண்டு, பகலிலும் சரியாகத் தூங்காமல் மூன்று மாதங்களை ஓட்டியிருந்தேன். முதலில் வந்தவை குரல்கள் அல்ல, பேருந்துகளின் தட எண்கள். 29சி அடுத்தடுத்து இரண்டு வந்தால் இன்று அறைக்குத் திரும்பாதே என்று பொருள்; அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அதன் பிறகுதான் மேல்மாடியிலிருந்து இரண்டு ஆண்கள், "இப்போது தண்ணீர் குடிக்கிறாள், இப்போது கதவைப் பார்க்கிறாள்" என்று என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடத்துக்கு மேல்மாடியே இல்லை.

அம்மா வந்து மதுரைக்கு அழைத்துப்போனார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும், குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தால் சரியாகிவிடும் என்றும் அத்தை பிடிவாதமாக இருந்தார். மருத்துவர் கோபப்படவில்லை. "தாராளமாகப் போய்வாருங்கள், மாத்திரையையும் கையோடு எடுத்துப்போங்கள்" என்றார். அந்த 48 நாட்களை நான் குறை சொல்லமாட்டேன். வேளைக்கு உணவும் உறக்கமும் இருந்தன. முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட என்னை வேடிக்கை பார்க்கவில்லை.

ரிஸ்பெரிடோன் என்ற அந்த மாத்திரை 4 மில்லிகிராமுக்கு உயர்த்தப்பட்ட பிறகு குரல்கள் அடுத்த அறைக்குப் போயின, பிறகு தெருவுக்கு, பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டன. குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ அதற்குப் பிந்தைய மாதங்களே கடினமாக இருந்தன. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் செயல்படும்போது அற்பமான பொருள்களின் மீதும் 'இது முக்கியம்' என்ற முத்திரை விழுகிறது என்றும், மருந்து அந்த முத்திரை விழுவதைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே ஊறிப்போன நம்பிக்கைகள் கரைய நாளாகும் என்றும் மருத்துவர் விளக்கினார். முத்திரை போனதும் உலகம் வெளிறிவிட்டது. 29சி வெறும் பேருந்தாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், என்னை அச்சுறுத்திய அந்தக் காலத்துக்காகவே நான் ஏங்கினேன். அப்போது உலகம் முழுவதும் என்னிடம் பேசிக்கொண்டிருந்ததல்லவா?

பக்கவிளைவுகளும் சேர்ந்துகொண்டன. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பேன். ஒன்பது கிலோ கூடியதை, "உடம்பு தேறிவிட்டது" என்று அம்மா உறவினர்களிடம் பெருமையாகச் சொன்னார். நாளிதழில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும். நான் முழுதாகச் செய்து முடித்த முதல் வேலை, கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்தது.

அந்நாட்களில் தங்கையும் நானும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஏதாவது ஓசை கேட்டு எனக்கு ஐயம் எழுந்தால், "உனக்கும் கேட்கிறதா?" என்று மட்டும் கேட்பேன், அவள் சிரிக்காமலும் பயப்படாமலும், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்வாள். எத்தனையோ முறை அது உண்மையிலேயே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியாகத்தான் இருந்தது. முதல் முறை நோய் வந்தவர்கள் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று தெரிந்தும், எட்டாம் மாதம் நானாகவே நிறுத்தினேன். மூன்று வாரங்களில் எண்கள் மறுபடி பேசத் தொடங்கியபோது, எனக்கு முன்பாக அதைக் கவனித்தவளும் அவள்தான்.

இப்போது நான்காம் ஆண்டு. மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். பகல்நேர வேலை ஒன்றில் இருக்கிறேன். போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் யாரோ என் பெயரைச் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது. கோயம்புத்தூரிலிருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் அழைத்து, பழக்கத்தில், "உனக்கும் கேட்கிறதா?" என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்தாள். பிறகு, "இங்கே எப்படி அக்கா கேட்கும்? நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேட்டாள். இரண்டு மணிக்கு என்றேன். அன்று விடுப்பு எடுத்துத் தூங்கினேன்.