அடிமனை யாருது?

"சித்தி, கும்பகோணத்துல ஒரு வீடு நாப்பது லட்சத்துக்கு வருது. வாங்கி வாடகைக்கு விட்டா கட்டுப்படியாகுமா?" சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் அக்கா பையன் கேட்டான். நான் பத்திர எழுத்தரிடம் டைப் அடிப்பவள், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கும் விட்டிருக்கிறேன். அவனைப் போலக் கேட்பவர்கள் நிறைய இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வாடகைக் கணக்கு சட்டென்று முடிந்துவிடும். மாசம் 9,000 வந்தால் வருஷத்துக்கு 1,08,000. போட்ட நாற்பது லட்சத்துக்கு அது மூன்று சதவீதம்கூட இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் முதலிலேயே போய்விடும். அப்புறம் வீட்டு வரி, வெள்ளையடிப்பு, கோடையில் எரிந்துபோகும் மோட்டார். வாடகைக்காக மட்டும் என்றால் பேங்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். "2028-ல மகாமகம், விலை எங்கேயோ போயிடும்" என்று புரோக்கர் சொல்வார். 2016 மகாமகத்துக்கு முன்னாலும் இதே பேச்சுதான்.

ஆக, ஏறினால் ஏறப்போவது நிலத்தின் விலைதான். அந்த நிலம் யாருடையது என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். இங்கே பல தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். சுவரும் ஓடும்தான் குடியிருப்பவருடையது, தரைக்கு அவர் வாடகை கட்டுகிறார். பழைய பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, நீள அகலமும் எழுதி, கடைசியில் "அடிமனை நீங்கலாக மேல்கட்டடம் மட்டும்" என்று ஒரு வரி வரும். ஜெராக்ஸில் அந்த வரி விழும் மடிப்புதான் மங்கிப்போயிருக்கும்! அதனால் ஒரிஜினலைக் கேளுங்கள். கோயில் நிலமாக இருந்தால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டிப் பத்திரத்தைப் பதியவே மறுத்துவிடுவார்கள், பேங்க்கும் கடன் தராது.

வில்லங்கம் பார்த்தாச்சே என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். டவுன் என்றால் டிஎஸ்எல்ஆர் என்கிற நகர நில அளவைப் பதிவேடு, கிராமம் என்றால் பட்டாவோடு 'ஏ' பதிவேடு என்கிற கிராம நிலப் பதிவேடு, இவற்றில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். பூர்வீகச் சொத்தானால் கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தும் வேண்டும். பெண்களுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்று அண்ணன் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சித்திரையில் போய்ப் பார்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் பாருங்கள். நஞ்சையைத் தூர்த்துப் போட்ட மனையில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதா, எவ்வளவு நாளில் வடிகிறது என்று அப்போதுதான் தெரியும். எப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, நேரிலும் அங்கே ஓட வேண்டும். நேரில் காணோம் என்றால் அது உங்கள் மனைக்கு அடியில் இருக்கிறது. களிமண் தரை காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும். அஸ்திவாரச் செலவைத் தனியாகக் கொத்தனாரிடமோ இன்ஜினியரிடமோ கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள். பெரியவர்கள் குழிக்கணக்கில் சொல்வார்கள்: குழி 144 சதுர அடி, மூன்று குழி ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாத மனை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்குப் பதில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட பவர் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எங்கள் ஆபீசுக்கு நாலாவது மாதம் கவரோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

சரி, வாங்கியாச்சு. குடிவைக்கும்போது வாய்ப்பேச்சு போதாது. 2019-ல் அமலான வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று அதில் இருக்கிறது, நம் ஊரில் பத்து மாதம் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நான் மூன்றுதான் வாங்குகிறேன். காலி செய்யும்போது திருப்பித் தர நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

போர்ஷனுக்குப் போர்ஷன் தனி மீட்டர் போட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடியிருப்பவருக்கும் கிடைக்கும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் வசூல் பண்ணி மாதாமாதம் முகம் கோணவும் வேண்டாம்.