வளவுக் குழி

நவம்பர் 3
மழை விடவில்லை. அப்பா படுத்திருக்கிற வார்டில் இருந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா சொன்ன படத்தைப் போட்டேன். 'த கிளாஸ் காசில்'. நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 4
அக்கா எடுத்தாள். "பார்த்தனியா?" கரண்ட் இல்லை என்றேன். கரண்ட் இருந்தது.

நவம்பர் 6
சரி, பார்த்து முடித்தாயிற்று. ஜெனெட் வோல்ஸ் தன் சொந்தக் கதையை 2005இல் புத்தகமாக எழுத, 2017இல் அதைப் படமாக்கியிருக்கிறார்கள். தாய் ஓவியம் வரைவதில் மூழ்கியிருக்கிறார். பசி தாங்காத சின்னப் பிள்ளை தானே அடுப்பில் சொசேஜ் அவிக்கப் போக, உடுப்பில் நெருப்புப் பிடிக்கிறது. அப்புறம் தகப்பன் ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். வுடி ஹாரல்சன். ஓடும்போது அந்த ஆளுக்கு இருக்கிற உற்சாகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

அந்தத் தகப்பன் குடிகாரர். எதற்கும் குடியைக் காரணம் காட்டிவிடலாம். எங்கள் அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடித்திருந்தால், டியூட்டரியில் பிள்ளைகள் கேட்டபோது சொல்ல எனக்கு ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும்.

நவம்பர் 7
ரிப்போர்ட் வரவில்லை. திங்கட்கிழமையாம்.

நவம்பர் 8
பஸ் ஸ்டாண்டில் மூன்று மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 9
வளவு பார்க்க ஆட்கள் வந்தார்கள். வீட்டைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை, நேரே குழியடிக்குப் போய் நின்றார்கள். "இது என்ன தங்கச்சி?"

என்னத்தைச் சொல்ல?

கதையில் வருகிற தகப்பன் கண்ணாடியால் ஒரு வீடு கட்டப்போவதாகப் படம் கீறிக் காட்டிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகள் அத்திவாரம் வெட்டுகிறார்கள். கடைசியில் அந்தக் கிடங்கு வீட்டுக் குப்பையால் நிரம்புகிறது. எங்கள் குழியில் அப்பா ஒரு ரொபித் தாள் போட விட்டதில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பால் இறங்கி, ஆழத்தில் சூடாகி, வேறு வெடிப்பால் ஏறி வருகிறது. இவ்வளவும் சரிதான். அந்த வெடிப்பு கிழக்கே உப்புவெளிப் பக்கம் நீண்டு வருகிறது, எட்டாவது எங்கள் வளவில்தான் என்பது அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. கன்னியாக் கிணறுகளில் குனிந்தால் அடி தெரியும். அப்பா இருபத்திரண்டு அடி வெட்டினார். வந்தது பச்சைத்தண்ணீர்.

காய்ச்சல் பார்க்கிற தேர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அது 35 பாகையில் தொடங்குவது. குளிர்ந்த தண்ணீரில் ரசம் அசையாது. அப்பாவுக்கு அது தெரியும். ஆனாலும் தினமும் கொப்பியில் திகதி போட்டு, "அசையவில்லை" என்று எழுதுவார். எனக்கு நெருப்பாய்க் காய்ச்சல் அடித்த இரவு, அம்மா வீடு முழுக்கத் தேடினார். தேர்மாமீட்டர் குழிக்குள் கிடந்தது.

நவம்பர் 10
விசர்.

நவம்பர் 11
ரிப்போர்ட் இன்னும் ஒரு கிழமையாம். இதை ஏன் திங்கட்கிழமை வரை வைத்திருந்து சொல்ல வேண்டும்?

நவம்பர் 13
அக்காவுடன் சண்டை. படத்தின் முடிவில் தகப்பன் இல்லை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு அந்த இடம் பிடித்ததாம், அழுதாளாம். டொரொன்டோவில் இருந்து பார்த்தால் எனக்கும் பிடித்திருக்கும். அந்தப் பிள்ளைகள் நியூயோர்க்குக்குப் போனபடியால்தான் சிரிக்க முடிகிறது என்றேன். "அப்ப நீயும் வந்திருக்கலாம்தானே" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அந்தத் தகப்பன் மகளைத் தண்ணீருக்குள் தூக்கித் தூக்கி எறிந்து நீந்தப் பழக்குகிறார். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது. அப்பா கடற்கரைக்குக் கூட்டிப் போனதே இல்லை, அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியா போனோம். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பார்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். ஏழு கிணற்றுக்கும் போய்ப் போய்க் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் இழுத்து வந்தேன். கை சூடாக இருந்தது.

இதை அக்காவுக்குச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

நவம்பர் 14
நேர்ஸ் காய்ச்சல் பார்த்தார். "எவ்வளவு, பிள்ளை?" என்று அப்பா என்னிடம் கேட்டார். சொன்னேன். "திகதி போட்டு எழுது" என்றார். கையில் பேப்பர் இல்லை, மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.

நவம்பர் 15
வளவுக்காரர்கள் விலைக்குச் சம்மதம், குழியை மூடித் தந்தால். டிராக்டர்காரர் நாளை காலை ஆறு மணிக்கு வருவாராம். மண்ணா கிரவலா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கொப்பி எங்கே என்று தேடவேண்டும்.